ஏழு என்றால் உறவுக்காரர் கேட்கிறார்

சூசைராஜுக்கு எதைக் கண்டாலும் பயம். நாயைக் கண்டால் பயம், இடி இடித்தால் பயம், காக்கிச் சட்டையைக் கண்டால் பயம். தான் போட்டிருப்பதும் காக்கிச் சட்டைதான் என்று நினைவு வந்தால் கண்ணாடி பார்க்கவும் கொஞ்சம் பயம். இப்படிப்பட்ட மனிதருக்கு ரங்கூனில் ஒரு தீயணைப்பு நிலையத்தில் வேலை என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? தாகேதாவில் அவர் குடியிருந்த தெருவே சிரித்தது. முதலில் சிரித்தவள் அவர் மனைவி மக்தலேனா.

நெருப்புக்குள் போகிற வேலை அல்ல அவருடையது. நிலையத்தின் மாடியில் ஒரு சின்ன அறை. அதில் ஒரு வயர்லெஸ் பெட்டி, ஒரு டெலிபோன், சுவரில் நகரத்தின் வரைபடம். டெலிபோனில் யாராவது ஆபத்து என்று கூப்பிட்டால், அவர் வயர்லெஸ்ஸில் வண்டியைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். நெருப்பு வண்டி மட்டுமல்ல, அடிபட்டவர்களுக்கும் தண்ணீரில் விழுந்தவர்களுக்கும் பிரசவ வலி கண்டவர்களுக்கும் ஓடுகிற ஆம்புலன்ஸும் அங்கேதான் நின்றது. உட்கார்ந்த இடத்தில் இருந்துகொண்டு ஊரின் அத்தனை ஆபத்தையும் காதால் கேட்கிற வேலை. பயந்தாங்கொள்ளிக்கு இதைவிடப் பொல்லாத வேலையை யோசித்துக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.

அப்பா அரிசிக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து பிள்ளையை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தவர். அந்த இங்கிலீஷ்தான் சூசைராஜை வயர்லெஸ் பெட்டிக்கு முன்னால் உட்கார வைத்தது. பிறகு ராணுவ ஆட்சி வந்தது. கடைகளை எடுத்துக்கொண்டார்கள், கம்பெனிகளை எடுத்துக்கொண்டார்கள், இங்கிலீஷ் பலகைகளைக் கழற்றிப் போட்டார்கள். தெருவில் பாதி வீடு இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிற்று. வயர்லெஸ்ஸில் இனிமேல் பர்மியைத் தவிர வேறு பாஷையில் ஒரு வார்த்தை கேட்டாலும் பேசினவனுக்கு வேலை போய்விடும் என்று நிலையத்துக்கு உத்தரவு வந்தது. இந்தியாக்காரன் கையில் வயர்லெஸ் பெட்டி எதற்கு என்று மேலதிகாரி ஒருவர் கேட்டதாகவும் சூசைராஜின் காதில் விழுந்தது. அன்றைக்கு ராத்திரி அவர் மனைவியிடம் மெல்லப் பேச்செடுத்தார்.

“நாமளும் கப்பலேறிடலாமா, மக்தலேனா?”

“ஏறி எங்க எறங்குவீங்க? அங்க ஒங்களுக்கு யாரைத் தெரியும், எனக்கு யாரைத் தெரியும்? நான் பொறந்தது இங்க, ஞானஸ்நானம் வாங்குனது இங்க. பேசாம படுங்க.”

பேசாமல் படுத்தார். மக்தலேனா அப்படிப்பட்டவள். சந்தையில் மீன்காரிகளோடு பர்மியில் மல்லுக்கு நிற்பாள். ரேஷன் கடைச் சிப்பாயை, “தம்பி, எடையைச் சரியாப் போடு” என்று அதட்டுவாள். பயத்தை எல்லாம் புருஷனிடமே விட்டுவிட்டுத் தைரியத்தை மட்டும் தனக்கு வைத்துக்கொண்டாள் என்று தெருவில் சொல்வார்கள். சூசைராஜுக்கும் அது தெரியும். அவள் பக்கத்தில் இருந்தால் அவருக்கு இடி கூட அவ்வளவு பெரிதாகக் கேட்காது.

அந்த வயர்லெஸ் பேச்சைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆம்புலன்ஸில் அடிபட்டவரோடு அவருடைய சொந்தக்காரர்களும் ஏறி உட்காருவார்கள். அவர்கள் காதுபட, ஆள் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது? அதனால் எண்கள் வைத்திருந்தார்கள். நாலு என்றால் உயிர் இருக்கிறது, கொண்டு வருகிறோம். ஒன்பது என்றால் உயிர் இல்லை. மற்ற எண்கள் நமக்கு வேண்டாம். இவை மேலிடம் கொடுத்தவை. ஏழு மட்டும் மேலிடம் கொடுத்ததல்ல, சூசைராஜ் கொடுத்தது.

அது வந்த கதை இப்படி. ஒருமுறை ஒரு தையல்காரரை வண்டியில் ஏற்றி வந்தார்கள். பக்கத்தில் அவருடைய தம்பி. தம்பிக்குப் போலீஸில் வேலை, எண்களெல்லாம் அத்துப்படி. ஒன்பது என்ற சொல் காதில் விழுந்ததும் அவன் ஓடுகிற வண்டியின் பின்கதவைத் திறந்து தெருவில் குதித்துவிட்டான். இடுப்பெலும்பு நொறுங்கியது. சூசைராஜுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஆம்புலன்ஸ்காரர்கள் இரண்டு பேரையும் மாடிக்கு அழைத்தார். வண்டி ஓட்டுகிறவன் கோ சான் தெய்ன் என்ற பர்மியன், அதிகம் பேசாதவன். பின்னால் இருந்து ஆட்களைக் கவனிக்கிறவன் இனாயத்துல்லா, தமிழ் முஸ்லிம் பையன், வயர்லெஸ்ஸில் பேசுவதும் அவன்தான்.

“உறவுக்காரங்க காது கேக்குற தூரத்துல இருந்தா ஏழுன்னு சொல்லிடுங்க,” என்றார் சூசைராஜ். “அதுக்கப்புறம் ஆளு எப்படி இருந்தாலும் நாலுன்னே சொல்லுங்க. நானும் ஏழுன்னு கேட்டுட்டா மேற்கொண்டு எதுவும் கேக்க மாட்டேன். கெட்ட சேதியை ஆஸ்பத்திரி வாசல்ல டாக்டர் சொல்லட்டும். அதுவரைக்குமாவது அவங்க நம்பிக்கிட்டு வரட்டும்.”

நிலையத்தில் எல்லோருக்கும் அது பிடித்துப்போயிற்று. தன் வாழ்நாளில் சூசைராஜ் துணிந்து செய்த காரியம் அது ஒன்றுதான் என்றால், அதையும் பயத்தினால்தான் செய்தார்.

இன்னொரு விதியும் உண்டு. இது மேலிடத்து விதி. வண்டி ஒன்று, ஸ்ட்ரெச்சர் ஒன்று, கவனிக்க இனாயத்துல்லாவின் இரண்டு கைகள்தான். வழியில் வேறு யாராவது உயிருக்குத் துடித்தால் என்ன செய்வது? உள்ளே இருப்பவர் நாலு என்றால் வண்டி நிற்கக் கூடாது. ஒன்பது என்றால் நின்று, உயிரோடு இருப்பவரை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏழு சொல்லிவிட்டு ஓடுகிற வண்டிக்கு அப்படி ஒரு சோதனை அதுவரை வந்ததில்லை. வரக்கூடும் என்று யாரும் யோசிக்கவும் இல்லை. எதையும் முன்கூட்டியே நினைத்து நடுங்குகிற சூசைராஜ் கூட அதை யோசிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு வீட்டிலிருந்து வரும். கடைச் சாப்பாடு சாப்பிட்டால் காலரா வந்துவிடும் என்று அவருக்குப் பயம். மக்தலேனா தினமும் டிபன் கேரியரோடு தாகேதா கரையில் சம்பான் படகு ஏறி, பஸூண்டாங் ஓடையைக் கடந்து, நிலையத்துக்கு வந்து சோறு போட்டுவிட்டுப் போவாள். ஓடை என்பது பெயர்தான், மழைக்காலத்தில் அது வேறு உருவம் எடுக்கும். அவள் அதைச் சட்டை செய்ததே இல்லை. கேரியரின் கீழ்த்தட்டு எப்போதும் இனாயத்துல்லாவுக்கு. அவன் வீடு தூரம், வாப்பாவும் உம்மாவும் கப்பலேறிப் போய்விட்டார்கள். “மதினி, இன்னிக்கு ஙாப்பி வச்சீங்களா?” என்று பர்மாக்காரர்களின் மீன் விழுதைக் கேட்டுக்கொண்டே தட்டைத் திறப்பான்.

அறுபத்தாறாம் வருஷத்து மழைக்காலம். அன்றைக்குக் காலையிலிருந்தே வானம் பிய்த்துக்கொண்டு கொட்டியது. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது, மக்தலேனா வரவில்லை. மழைக்கு ஒதுங்கி நிற்பாள் என்று சூசைராஜ் நினைத்துக்கொண்டார். எழுந்து ஜன்னலுக்குப் போய் வாசலைப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார், மறுபடியும் எழுந்தார். அப்போது டெலிபோன் அடித்தது.

படகுத்துறைப் போலீஸ் சாவடியிலிருந்து பேசினார்கள். ஒரு சம்பான் கவிழ்ந்துவிட்டது. ஓட்டினவனும் இரண்டு ஆண்களும் நீந்திக் கரையேறிவிட்டார்கள். ஒரு பெண்ணைக் காணவில்லை, தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

எந்தப் பெண், என்ன வயது, பர்மியப் பெண்ணா, இந்தியப் பெண்ணா என்று கேட்பது அவர் கடமை. சூசைராஜ் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று நாக்கு எழவில்லை. “வண்டி வருகிறது” என்று மட்டும் சொல்லி டெலிபோனை வைத்துவிட்டார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அனுப்பினார். கீழே வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. ஓடையில் எத்தனையோ சம்பான், எத்தனையோ பெண்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாதாவே, மாதாவே என்று உதடு தன்பாட்டில் முணுமுணுத்தது. வாசலைப் பார்க்கப் போகவில்லை. போனால் அவள் வராத வாசலைத்தானே பார்க்க வேண்டும்?

வெகுநேரம் வயர்லெஸ் பெட்டி கரகரத்துக்கொண்டே இருந்தது. பிறகு குரல் வந்தது. இனாயத்துல்லாவின் குரல் அல்ல. கோ சான் தெய்ன் பேசினான்.

“ஏழு,” என்றான் பர்மியில். “ஒரு பெண். நாலு. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டோம்.”

ஏன் இவன் பேசுகிறான்? இனாயத்துல்லாவுக்குக் கை ஓயவில்லை போலிருக்கிறது. தண்ணீர் குடித்தவர்களைக் குப்புறப் போட்டு முதுகை அமுக்கிக்கொண்டே வர வேண்டும். சரி. ஏழு என்கிறான், யாரோ சொந்தக்காரர் வண்டியில் இருக்கிறார். மக்தலேனாவுக்குப் படகுத்துறையில் சொந்தம் யார்? அப்படியானால் அவள் இல்லை. இந்த எண்ணம் வந்ததும் சூசைராஜுக்கு மூச்சு கொஞ்சம் வந்தது.

ஆனால் அவர் காது பழகிய காது. சொந்தக்காரர் ஏறிய வண்டி எப்படிச் சத்தம் போடும் என்று அதற்குத் தெரியும். அழுகை, கும்பிடுதல், பேர் சொல்லிக் கூப்பிடுதல், இத்தனைக்கும் நடுவில்தான் வண்டிக்காரன் குரல் வரும். கோ சான் தெய்ன் பேசும்போது பின்னால் வண்டியின் சங்குச் சத்தமும் மழைச் சத்தமும் தவிர எதுவும் இல்லை. யாரும் அழவில்லை. ஏழு என்கிறானே, அந்த உறவுக்காரர் எங்கே? யார் கேட்கிறார் என்று ஏழு சொன்னான்?

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. கேட்டுக்கொண்டிருக்கும் உறவுக்காரர் இந்த அறையில் உட்கார்ந்திருந்தார்.

மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். கேட்கலாம். மைக்கை எடுத்து, அவளா, எப்படி இருக்கிறாள் என்று கேட்கலாம். ஏழு வந்தால் மேற்கொண்டு கேட்கக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவரேதான். கேட்டாலும் நாலு என்றுதான் சொல்வார்கள். ஏழுக்குப் பிறகு வருகிற நாலு உண்மையாகவும் இருக்கும், இல்லாமலும் இருக்கும். அவள் மூச்சு விட்டுக்கொண்டிருக்கலாம், கண்ணைத் திறந்து இனாயத்துல்லாவைத் திட்டிக்கொண்டும் இருக்கலாம். கடைச் சோறு தின்றால் செத்துப்போய்விடுவோமா என்று அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள். தின்றிருக்கக் கூடாதா, பாவி, தின்று தொலைத்திருக்கக் கூடாதா என்று சூசைராஜ் தன்னையே ஏசிக்கொண்டார்.

டெலிபோன் மறுபடியும் அடித்தது. ஒரு பெண் உடைந்த பர்மியில் பேசினாள். அவர் பதில் சொன்ன விதத்திலேயே கண்டுகொண்டு தமிழுக்கு மாறினாள்.

“ஐயா, நீங்க தமிழாளுங்களா? பஸூண்டாங் ரோட்டு அரிசி மில்லுல இருந்து பேசுறேன். எம் பேரு ஜெயம்மா. எங்க வீட்டுக்காரரு கை மெஷின் பெல்ட்டுல மாட்டிக்கிச்சுங்க. முழங்கைக்கு மேல நைஞ்சு போச்சு. துணி மேல துணியாக் கட்டியும் ரத்தம் நிக்கல.”

சூசைராஜின் கண் தானாகவே சுவர் வரைபடத்துக்குப் போயிற்று. படகுத்துறையிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலை அந்த மில் வாசல் வழியாகத்தான் போகிறது. நிலையத்தின் இன்னொரு ஆம்புலன்ஸ் கீழே மரக்கட்டைகள் மேல் சக்கரமில்லாமல் நின்றது. உதிரி பாகம் வரும் வரும் என்று மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள், மழையும் வந்துவிட்டது, பாகம் வரவில்லை. ரங்கூனின் அந்தப் பக்கத்தில் ஓடுகிற ஒரே ஆம்புலன்ஸில் மக்தலேனா படுத்திருந்தாள்.

வண்டி இல்லையம்மா என்று சொல்லிவிடலாம். பொய்யும் இல்லை. யாரும் கேட்கப் போவதில்லை. சொல்வதற்கு வாயைத் திறந்தும் விட்டார்.

“ஐயா, இருக்கீங்களா?” என்றாள் ஜெயம்மா. “கண்ணை மூடல. என்னையே பாத்துக்கிட்டு இருக்காருங்க.”

“இருங்கம்மா. டெலிபோனை வைக்காதீங்க.”

ரிசீவரை மேஜைமேல் படுக்க வைத்துவிட்டு மைக்கை எடுத்தார். என்ன கேட்கப் போகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அரிசி மில்லில் ஓர் ஆள், ரத்தம் போகிறது, நிற்க முடியுமா? இதுதான் கேள்வி. முடியும் என்று பதில் வந்தால் மக்தலேனா இல்லை. உலகத்தில் எந்தப் புருஷனுக்கும் இப்படி ஒரு கேள்வியைக் கேட்கிற கதி வரக் கூடாது. ஒருவழியாகக் கேட்டு முடித்தார்.

பெட்டி கரகரத்தது.

“நாலு,” என்றான் கோ சான் தெய்ன். “நிற்க முடியாது.”

அந்தக் கணம் சூசைராஜுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நிற்க முடியாது! ஒருவன் கை நைந்து கிடக்கிறான், அவனுக்கு வண்டி இல்லை என்கிறார்கள், இவர் நெஞ்சு குளிர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். உயிர் இருக்கிறது, அதனால்தான் நிற்கவில்லை. அவளிடம் வரிசையாகச் சொல்ல வேண்டியதெல்லாம் மனதில் ஓடியது. இனிமேல் கடைச் சோறு தின்கிறேன், நீ வீட்டிலேயே இரு, படகில் கால் வைக்காதே. ஜெயம்மாவுக்கு இல்லை என்று சொல்ல ரிசீவரைக் கையில் எடுத்தார்.

எடுத்த கை காதுக்குப் போகவில்லை.

ஏழு சொன்ன வண்டி அல்லவா அது? இந்த இரண்டு பேரையும் அவருக்குத் தெரியும். கேரியரின் கீழ்த்தட்டில் மக்தலேனா கையால் சாப்பிட்டவன் இனாயத்துல்லா. கோ சான் தெய்னின் மனைவிக்குப் பிரசவம் என்றதும் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் உட்கார்ந்திருந்தவள் மக்தலேனா. சூசைராஜ் என்ற கோழை ஒற்றையாக மாடியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவருக்காக நாலு என்று சொல்வார்கள். அவருக்காக மில் வாசலைக் கடந்தும் போவார்கள். ஜெயம்மாவின் புருஷன் அவளையே பார்த்துக்கொண்டு கிடப்பான், சங்கு ஊதிக்கொண்டே வண்டி அவனைத் தாண்டிப் போகும். இந்த அன்பை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

இப்போது வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால், ஆஸ்பத்திரி வரைக்கும் மக்தலேனா உயிரோடு இருப்பாள். அவ்வளவு நேரமாவது இருப்பாள். அதை விட்டுவிட அவருக்கு மனமே இல்லை. வாழ்நாளில் நாயையும் இடியையும் அதிகாரிகளையும் கண்டு பயந்ததெல்லாம் பயமே அல்ல என்று அப்போது அவருக்குப் பட்டது. இதுதான் பயம். அந்தப் பயத்தோடேதான் மைக்கின் பொத்தானை அழுத்தினார்.

“கன்ட்ரோல் பேசுகிறேன். ஏழு ரத்து,” என்றார் பர்மியில். “உறவுக்காரர் யாரும் கேட்கவில்லை. நிலையைச் சொல்லுங்கள்.”

மறுபடியும் பொத்தானை அழுத்தினார்.

“ஏழு ரத்து. யாரும் கேட்கவில்லை. மில் வாசல் வருவதற்கு முன்னால் சொல்லுங்கள்.”

சங்குச் சத்தமும் மழையும் மட்டும் வந்தது. பிறகு யாரோ மூச்சு வாங்குகிற சத்தம். இனாயத்துல்லா மைக்கை வாங்கியிருந்தான்.

“ஒன்பது,” என்றான், விதிப்படி பர்மியில்.

அதற்குப் பிறகு அவன் விதியை விட்டுவிட்டான். ஊரெல்லாம் கேட்கிற வயர்லெஸ்ஸில் தமிழில் பேசினான்.

“அண்ணே, தூக்கும்போதே இல்லண்ணே. தொறைக் கட்டைக்கு அடியில கெடந்தாங்க. தெரிஞ்சும் நான் கையை எடுக்கலண்ணே, இவ்வளவு நேரம் அமுக்கிக்கிட்டேதான் வந்தேன். இப்ப எடுத்துட்டேன். மில்லு வாசல் தெரியுது.”

பர்மியில் பேசு என்று அதட்ட வேண்டியது கன்ட்ரோலின் கடமை. ஒரு வார்த்தைக்கு வேலை போகும். சூசைராஜுக்கு அது நினைவிலேயே இல்லை.

“நிறுத்து தம்பி,” என்றார் தமிழிலேயே. “அவரைப் பாரு.”

மைக்கை வைத்தார். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தபோது ஜெயம்மா இன்னும் அங்கேதான் இருந்தாள். யாரையோ கூப்பிட்டுத் துணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வண்டி வருதும்மா. வாசக் கதவைத் திறந்து வைக்கச் சொல்லுங்க.”

“கேக்குதுங்கய்யா, சங்குச் சத்தம் கேக்குது,” என்றாள். அதுவரை அழாமல் இருந்தவள் அப்போதுதான் அழுதாள். “நீங்க யாரு எவருன்னு தெரியலையே, என் சாமி. நீங்க நல்லா இருக்கணும். ஒங்க வீட்டம்மா மஞ்சளும் குங்குமமுமா நூறு வருசம் நல்லா இருக்கணும்.”

“சரிம்மா,” என்றார் சூசைராஜ். “வாசலுக்குப் போங்க. அவரு கையைத் தாழ விடாம மேல தூக்கிப் பிடிச்சுக்குங்க.”